உள்ளூர்க் கடைக்கு சமூக ஊடகம் வழியாக ஆள் வருவது எப்படி? தொடங்குபவர்களுக்கு ஓர் எளிய விளக்கம்

புதிதாகக் கடை போட்டவர்களிடம் இப்போது எல்லோரும் சொல்வது, "முதல்ல இன்ஸ்டாவில் ஒரு பேஜ் ஆரம்பிங்க" என்பதுதான். ஆரம்பிக்கிறார்கள், பத்துப் படம் போடுகிறார்கள். சொந்தக்காரர்களும் கூடப் படித்தவர்களும் லைக் போடுகிறார்கள். ஆனால் கடைக்கு யாரும் வருவதில்லை. இரண்டு மாதத்தில் பேஜ் அப்படியே கிடக்க, "இதெல்லாம் நமக்குச் சரிப்படாது" என்று விட்டுவிடுகிறார்கள். நன்றாகவே சரிப்படும். உள்ளூர்க் கடைக்கு இந்த ஊடகங்கள் என்ன வேலை செய்கின்றன, என்ன வேலை செய்யாது என்று தெரியாமல் இறங்குவதுதான் சிக்கல்.

பொதுவாகப் பேசினால் மனதில் நிற்காது. அதனால் ஒரு கடையைக் கற்பனை செய்துகொள்வோம். கும்பகோணத்தில் ஓர் அக்கா நடத்தும் ப்ளவுஸ் தையல் கடை. இரண்டு மெஷின், ஆரி வேலைக்கு (கொக்கி ஊசியால் கையால் போடும் பூவேலை) ஒரு ஸ்டாண்டு, உதவிக்கு ஒரு பெண். கை சுத்தமான வேலை. ஆனால் கடை மெயின் ரோட்டில் இல்லை, ஒரு சந்துக்குள் இருக்கிறது. தெரிந்தவர்கள் மட்டும்தான் வருகிறார்கள்.

இந்தக் கடைக்கு யாரெல்லாம் வர முடியும்? கும்பகோணத்துக்காரர்கள் வரலாம். தாராசுரம், சுவாமிமலை, திருவிடைமருதூர், பாபநாசம் பக்கமிருந்து வரலாம். கல்யாணத்துக்குத் திருபுவனத்தில் பட்டுப்புடவை எடுக்க வருகிறவர்கள், புடவை எடுத்த கையோடு ப்ளவுஸுக்கும் ஏற்பாடு செய்துவிட்டுப் போக நினைத்தால் வரலாம். சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு கல்யாணத்தை ஊரில் வைக்கும் குடும்பங்களும் உண்டு. அவ்வளவுதான். ஹைதராபாத்தில் ஒருவர் இந்த அக்காவின் வீடியோவைப் பார்த்து இதயம் போட்டால் மனசுக்குச் சந்தோஷம், கல்லாவுக்கு ஒன்றுமில்லை.

ஒரு வீடியோ லட்சம் பேரிடம் போனாலும் அதில் கடைக்கு வரக்கூடியவர்கள் ஐம்பது பேர்கூட இல்லாமல் போகலாம். இன்னொரு வீடியோவை எழுநூறு பேர் மட்டும் பார்த்து, அதில் ஐந்நூறு பேர் சுற்றுவட்டாரமாக இருந்தால், இந்தக் கடைக்கு இரண்டாவதுதான் வெற்றி. ஃபாலோயர் எண்ணிக்கையைக் காசு கொடுத்து வாங்கித் தருகிறோம் என்று வருபவர்களை அப்படியே திருப்பி அனுப்பிவிட வேண்டியதும் இதனால்தான். அந்த ஃபாலோயர்கள் யாரும் ப்ளவுஸ் தைக்க வரப்போவதில்லை.

வருகிறவர் மனதில் ஓடும் கேள்விகள்

புதுக் கடைக்கு முதல்முறை போகும் யாருக்கும் சில சந்தேகங்கள் இருக்கும். கடை எங்கே இருக்கிறது? வேலை நன்றாக இருக்குமா? எவ்வளவு கேட்பார்கள்? எல்லாவற்றுக்கும் மேல், சொன்ன தேதிக்குக் கொடுப்பார்களா? தையல் கடையைப் பொறுத்தவரை கடைசிக் கேள்வி உயிர்நாடி. முகூர்த்தத்துக்கு முதல் நாள் ராத்திரி ப்ளவுஸ் வராமல் அலைந்த அனுபவம் இல்லாத குடும்பம் குறைவு.

முன்பு இந்தக் கேள்விகளுக்குப் பக்கத்து வீட்டு அக்காவோ ஆபீஸ் தோழியோ பதில் சொல்வார். இன்றைக்கும் அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. சமூக ஊடகம் செய்வதெல்லாம், அப்படிச் சொல்ல ஆள் இல்லாதவர்களுக்கும் அந்தப் பதில்கள் கிடைக்கும்படி வைப்பதுதான். எங்கே என்பதற்குக் கூகுள் மேப், வேலை எப்படி என்பதற்கு இன்ஸ்டாகிராம், விலைக்கும் தேதிக்கும் வாட்ஸ்அப் என்று பிரித்துக்கொண்டால் குழப்பமே இல்லை. நான் சொல்லும் வரிசை இன்னும் கொஞ்சம் மாறும்: முதலில் மேப், அப்புறம் வாட்ஸ்அப், மூன்றாவதாகத்தான் இன்ஸ்டாகிராம். எல்லோரும் கடைசியிலிருந்து தொடங்குகிறார்கள். வீடியோவைப் பார்த்துவிட்டுக் கடையைத் தேடும் ஒருவருக்கு மேப்பில் கடை இல்லை, போட்ட மெசேஜுக்குப் பதில் இல்லை என்றால் அந்த வீடியோவுக்குப் பட்ட பாடு வீண்.

முதலில் மேப்பில் கடை இருக்கட்டும்

கூகுள் மேப்பைச் சமூக ஊடகம் என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் உள்ளூர்க் கடைக்கு இதைவிட முக்கியமானது எதுவும் இல்லை. ஃபேஸ்புக்கில் இருப்பவர் பொழுதுபோக்க வந்திருக்கிறார். மேப்பில் "பக்கத்தில் தையல் கடை" என்று தேடுகிறவர் கையில் துணியோடு இருக்கிறார்.

இதற்கான வசதியின் பெயர் கூகுள் பிசினஸ் ப்ரொஃபைல். 2021 வரை கூகுள் மை பிசினஸ் என்று இருந்தது இதுதான். முழுக்க இலவசம். ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், நாமே சேர்க்கலாம். கடை உண்மையில் இருக்கிறதா என்று கூகுள் சரிபார்க்கும். இப்போது பெரும்பாலும் ஒரு வீடியோ எடுத்து அனுப்பச் சொல்கிறார்கள். தெரு, கடைப் பலகை, உள்ளே மெஷின், ஷட்டரைச் சாவி போட்டுத் திறப்பது, எல்லாம் ஒரே ஓட்டமாக அதில் தெரிய வேண்டும். "கூகுளிலிருந்து பேசுகிறோம், காசு கட்டினால் உங்கள் கடையை முதலிடத்தில் காட்டுகிறோம்" என்று ஃபோன் வந்தால் நம்ப வேண்டாம். மேப் தேடலில் முதலிடத்தைக் காசு வாங்கிக்கொண்டு கூகுள் விற்பதில்லை. பணம் கட்டிய விளம்பரங்களை விளம்பரம் என்று குறிப்பிட்டுத் தனியாகத்தான் காட்டும்.

மேப்பில் கடை இருக்கும் இடத்தைக் காட்டும் குறியை (பின்) சரியாகக் கடை வாசலில் வையுங்கள். சந்துக்குள் இருக்கும் கடைக்கு இருபது மீட்டர் தள்ளிப்போனால்கூட ஆள் அடுத்த தெருவில் நின்று விழிப்பார். சந்து தொடங்கும் இடத்தை ஒரு படம், பலகையை ஒரு படம், வாசலை ஒரு படம் எடுத்துப் போட்டால் வழி கேட்டு வரும் ஃபோன் பாதியாகக் குறையும். கடைப் பெயர் பலகையில் என்ன இருக்கிறதோ அதுவே மேப்பிலும் இருக்கட்டும். தேடலில் வர வேண்டும் என்று பெயரோடு "பெஸ்ட் ஆரி வொர்க் ப்ளவுஸ் கும்பகோணம்" என்றெல்லாம் சேர்ப்பது கூகுள் விதிக்கு விரோதம், யாராவது புகார் செய்தால் கணக்கை முடக்கிவிடவும் கூடும். என்னென்ன வேலை செய்கிறீர்கள் என்று சொல்லத் தனி இடம் இருக்கிறது, அங்கே எழுதலாம். வீட்டிலேயே தைப்பவர்கள் முகவரியை மறைத்துவிட்டு, எந்தெந்த ஊருக்கு வேலை செய்கிறோம் என்று மட்டும் காட்டவும் வழி உண்டு. தனியாக இருக்கும் பெண்கள் அதைப் பயன்படுத்திக்கொள்வது நல்லது.

அடுத்தது ரிவ்யூ. எல்லோரும் கேட்கத் தயங்குவது இதைத்தான். கேட்பதற்கு ஒரு நேரம் உண்டு. வாடிக்கையாளர் ப்ளவுஸைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் திரும்பித் திரும்பிப் பார்க்கிறாரே, அந்த நிமிடம்தான். "உங்களுக்குப் பிடிச்சிருந்தா கூகுள்ல நாலு வார்த்தை எழுதுங்கக்கா, புதுசா வர்றவங்களுக்கு உதவும்" என்றால் யாரும் மாட்டேன் என்பதில்லை. ரிவ்யூ பக்கத்துக்கான இணைப்பைக் கூகுளே தரும். அதை க்யூஆர் கோடாக அச்சடித்து கவுண்டரில் ஒட்டிவிட்டால் தேடும் வேலையும் மிச்சம். ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள், அதைக் கூகுள் அனுமதிப்பதில்லை. வெறும் ஐந்து நட்சத்திரத்தைவிட, "கல்யாணத்துக்கு நாலு நாள் முன்னாடியே கொடுத்துட்டாங்க" என்ற ஒரு வரிக்கு மதிப்பு அதிகம். மேலே சொன்ன உயிர்நாடிக் கேள்விக்கு வேறொருவர் வாயிலிருந்து வந்த பதில் அது.

ஒரு நட்சத்திரம் போட்டு யாராவது திட்டினால்? பதில் எழுதுங்கள், சண்டை போடாமல். "தாமதம் ஆனது உண்மைதான் அம்மா, மன்னிக்கவும். கை பகுதி டைட்டாக இருக்கிறது என்று சொன்னீர்கள், கொண்டுவந்தால் காசில்லாமல் சரிசெய்து தருகிறோம்" என்றால் போதும். எழுதியவர் படிக்கிறாரோ இல்லையோ, அடுத்து வரப்போகிறவர்கள் அதைக் கட்டாயம் படிப்பார்கள்.

வாட்ஸ்அப்: பேச்சு ஆர்டராக மாறும் இடம்

நம் ஊரில் விலை கேட்பதும் பேரம் பேசுவதும் டிசைன் காட்டுவதும் வாட்ஸ்அப்பில்தான். 2018 முதல் கடைகளுக்கென்றே வாட்ஸ்அப் பிசினஸ் என்ற தனிச் செயலி இருக்கிறது, அதுவும் இலவசம். சொந்த எண்ணில் வீட்டு விஷயமும் கடை விஷயமும் கலந்து ஓடினால் நாளடைவில் தலைவலி. கடைக்கென்று தனி சிம் வாங்கி அதில் போட்டுக்கொள்வது நிம்மதி.

இந்தச் செயலியில் கேட்டலாக் என்று ஒன்று உண்டு. நீங்கள் தைத்த மாடல்களைப் படம், ஆரம்ப விலையோடு அடுக்கி வைக்கலாம். அடிக்கடி அனுப்பும் பதில்களைச் சேமித்து வைத்துக்கொண்டு ஒரு தொடுதலில் அனுப்பலாம். கடை எங்கே, அளவு ப்ளவுஸ் கொண்டுவர வேண்டுமா, எத்தனை நாள் ஆகும், இந்த மூன்றுக்கும் பதில் எழுதி வைத்துவிட்டாலே பாதி நேரம் மிச்சம். லேபிள் என்ற வசதியில் ஒவ்வொரு உரையாடலுக்கும் புது ஆர்டர், பணம் பாக்கி, முடிந்தது என்று அடையாளம் போடலாம்.

வசதிகளைவிட முக்கியம், பதில் சொல்லும் விதம். ஒருவர் "ப்ளவுஸ் ரேட் எவ்ளோ சிஸ்?" என்று கேட்கிறார். நிறையக் கடைகளில் வரும் பதில், "டிசைனைப் பொறுத்தது மா." பேச்சு அங்கேயே செத்துவிடும். அவர் அடுத்த கடைக்கு மெசேஜ் போட்டுவிடுவார். இப்படிச் சொல்லிப் பாருங்கள்:

"வணக்கம்மா. லைனிங் வெச்ச சாதா ப்ளவுஸ் 350லேர்ந்து. ஆரி வொர்க் 1,500லேர்ந்து ஆரம்பம், வேலையைப் பொறுத்துக் கூடும். உங்களுக்கு எந்தத் தேதிக்கு வேணும்? புடவை போட்டோ இருந்தா அனுப்புங்க, அதுக்குத் தகுந்த மாதிரி நாங்க செஞ்ச மாடல் மூணு அனுப்புறேன்."

விலைகள் உதாரணத்துக்குத்தான், உங்கள் ஊர் விலையைப் போட்டுக்கொள்ளுங்கள். இந்தப் பதிலில் ஆரம்ப விலை இருக்கிறது, அதனால் கட்டுப்படியாகுமா என்று அவருக்குத் தெரிந்துவிடுகிறது. தேதியைக் கேட்டிருக்கிறோம், அதனால் நம்மால் முடியுமா என்று நமக்குத் தெரிந்துவிடும். புடவைப் படம் கேட்டதும் அவர் பீரோவைத் திறந்து புடவையை எடுத்து விரித்துப் படம் பிடிப்பார். அந்த அளவுக்கு இறங்கிவிட்டவர் பாதி வாடிக்கையாளர்.

விலையை மறைத்து வைப்பதால் பலன் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. போட்டியாளருக்குத் தெரிந்துவிடும் என்று பயப்படுகிறார்கள். பக்கத்துத் தெரு டெய்லருக்கு உங்கள் ரேட் ஏற்கெனவே தெரியும். தெரியாமல் தயங்குவது வாடிக்கையாளர் மட்டும்தான். கேட்டால் அதிகமாகச் சொல்வார்களோ, வாங்காவிட்டால் தப்பாக நினைப்பார்களோ என்ற கூச்சத்தில் நிறையப் பேர் கேட்காமலேயே போய்விடுகிறார்கள்.

ஸ்டேட்டஸை மறந்துவிடாதீர்கள். அது 24 மணி நேரம்தான் இருக்கும். உங்கள் எண்ணை அவரும், அவர் எண்ணை நீங்களும் சேமித்திருந்தால்தான் தெரியும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியலும் அப்படியே, ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், ஆனால் உங்கள் எண்ணைச் சேமித்தவருக்கு மட்டுமே செய்தி போய்ச் சேரும். ஆகவே ஆர்டர் எடுக்கும்போதே, "எங்க நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, ரெடியானதும் படம் அனுப்புறேன்" என்று சொல்லிப் பழகுங்கள். கேட்காமல் ஆட்களை குரூப்பில் சேர்ப்பது, தினமும் "குட் மார்னிங்" படம் அனுப்புவது இரண்டும் வேண்டாம். நிறையப் பேர் பிளாக் செய்து புகார் கொடுத்தால் எண்ணையே வாட்ஸ்அப் முடக்கிவிடக்கூடும்.

வாடிக்கையாளர் பெயரையும் எண்ணையும் ஒரு நோட்டிலும் எழுதி வையுங்கள். 2020 ஜூன் மாதக் கடைசியில் டிக்டாக் தடை செய்யப்பட்டபோது, அதை நம்பிப் பார்வையாளர்களைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் ஒரே நாளில் அத்தனையையும் இழந்தார்கள். ஃபாலோயர் பட்டியல் அந்த நிறுவனத்தின் கையில்தான் இருக்கிறது. ஃபோன் எண் எழுதிய நோட்டு உங்களுடையது.

இன்ஸ்டாகிராம்: வேலையைக் காட்டும் இடம்

டிக்டாக் போன அடுத்த மாதமே இன்ஸ்டாகிராம் ரீல்ஸை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. இன்றைக்குப் புது ஆட்களிடம் நம் வேலையை இலவசமாகக் கொண்டுசேர்ப்பது பெரும்பாலும் இந்தக் குட்டி வீடியோக்கள்தான். ஃபோட்டோவை ஏற்கெனவே நம்மைத் தொடர்பவர்கள் பார்ப்பார்கள், ரீல் தெரியாதவர்களிடமும் போகும்.

கணக்கைப் பிசினஸ் கணக்காக மாற்றிக்கொள்ளுங்கள், செலவில்லை. பெயருக்குக் கீழே எழுதும் இடத்தில் தத்துவம் வேண்டாம். "ப்ளவுஸ் தையல், ஆரி வொர்க். கும்பகோணம். ஞாயிறு விடுமுறை. ஆர்டருக்கு வாட்ஸ்அப்" என்று எழுதி, வாட்ஸ்அப் இணைப்பையும் மேப் இணைப்பையும் கொடுத்தால் போதும். ஒவ்வொரு பதிவிலும் இருப்பிடமாகக் கும்பகோணத்தைச் சேருங்கள். கீழே எழுதும் வரியிலும் ஊர்ப் பெயரையும் வேலையின் பெயரையும், மக்கள் தேடும் அதே சொற்களில், தமிழிலும் ஆங்கிலத்திலும் எழுதுங்கள். உள்ளூர்க்காரர்கள் தேடும்போது அகப்பட அதுதான் உதவுகிறது.

ரீல் எடுப்பது பெரிய வித்தையில்லை. பட்டு ஜாக்கெட் துணி ஸ்டாண்டில் விறைப்பாகக் கட்டியிருக்கிறது. மேலே ஆரி ஊசி இறங்குகிறது, கீழே கை நூலைக் கொடுக்கிறது, சங்கிலியாகத் தையல் நகர்கிறது. இரண்டு விநாடி அந்த ஊசியை நெருக்கமாக எடுங்கள். அடுத்து ஜர்தோசி (ஜரிகைக் கம்பி வேலை) வைத்து மயிலின் கழுத்து பாதி நிரம்பியிருப்பது. அப்புறம் முடிந்த வேலை. கடைசியாகத் தைத்த ப்ளவுஸின் முதுகுப் பக்கம், கயிறும் குஞ்சமும் தொங்க, புடவையோடு சேர்த்து. மொத்தம் பதினைந்து, இருபது விநாடி. மேலே அக்காவின் குரலில்: "திருபுவனம் பட்டு, அரக்கு கலர். பின் கழுத்துக்கு மயில் டிசைன். ஆறு நாள் வேலை." இதைப் பார்க்கும் பெண்ணின் அம்மாவுக்கு என்ன துணி, என்ன வேலை, எத்தனை நாள் என்று எல்லாம் தெரிந்துவிட்டது. சினிமாப் பாட்டு போடத் தேவையே இல்லை. பிசினஸ் கணக்கில் பெரும்பாலான சினிமாப் பாட்டுகள் கிடைக்கவும் செய்யாது. உங்கள் குரலே போதும், கும்பகோணத்துப் பேச்சைக் கேட்டாலே இது நம்மூர்க் கடை என்று தெரிந்துகொள்வார்கள்.

வெளிச்சம் ஒன்றில்தான் கவனம் வேண்டும். ட்யூப்லைட்டுக்குக் கீழே எடுத்தால் அரக்கு மெரூனாகும், மயில்கழுத்துப் பச்சை நீலமாகும். பட்டில் ஃப்ளாஷ் அடித்தால் ஜரிகை வெள்ளையாகப் பூத்துவிடும். காலை பத்து மணி வாக்கில் வாசல் பக்கம் வந்து, நேர் வெயில் படாத இடத்தில் எடுங்கள். ஃபில்டர் போடவே கூடாது. படத்தில் பார்த்த கலர் நேரில் இல்லையென்றால் முதல் நாளே நம்பிக்கை போய்விடும்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். பின்டெரெஸ்ட் போன்ற படத் தளங்களில் எடுத்த படத்தை நம் வேலை போலப் போடுவது மோசடி. நிறையப் பக்கங்கள் இதைத்தான் செய்கின்றன. அந்தப் படத்தை நம்பி வருபவர் அதே நேர்த்தியை எதிர்பார்ப்பார், நம்மால் முடியாமல் போகும்போது ஏமாந்ததாக உணர்வார், அது நியாயமும்கூட. வாடிக்கையாளரே ஒரு படத்தைக் கொண்டுவந்து இதுபோல வேண்டும் என்றால் அது வேறு. அப்போது அந்தப் படத்தையும் நாம் தைத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டலாம், அதைவிட நல்ல பதிவு கிடையாது. அதேபோல மணப்பெண்ணின் படத்தைப் போடும் முன் அவரிடம் கேட்டுவிடுங்கள். முகம் வெளியில் வருவதை விரும்பாத குடும்பங்கள் நிறைய. முதுகுப் பக்கம் மட்டும் எடுத்தால் ப்ளவுஸ் வேலைக்கு அதுவே போதும்.

வாரத்துக்கு இரண்டு பதிவு தொடர்ந்து வந்தால் போதும். ஒரே நாளில் பத்துப் படத்தைக் கொட்டிவிட்டு ஒரு மாதம் காணாமல் போவதைவிட அது எவ்வளவோ மேல்.

எப்போது போடுவது என்பதற்குப் பஞ்சாங்கம்தான் வழிகாட்டி. ஆடியில் கல்யாணம் இல்லை என்று கடையும் பேஜும் சேர்ந்து தூங்கிவிடுகின்றன. உண்மையில் ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடு வரையிலான அந்த மாதம்தான் ஆவணி முகூர்த்தக்காரர்கள் டெய்லரைத் தேடும் காலம். ஆடித் தள்ளுபடியில் புடவையும் எடுத்து வைத்திருப்பார்கள். மார்கழியும் அப்படியே, தை பிறந்தால் வரிசையாகக் கல்யாணம். ஆரி வேலைக்கு நாள் பிடிக்கும் என்பதால் முகூர்த்தத்துக்குக் குறைந்தது ஒரு மாதம் முன்னால் உங்கள் வேலை அவர்கள் கண்ணில் பட வேண்டும். தீபாவளிக்கு முந்தின வாரம் போடும் பதிவால் தையல் கடைக்குப் பயனில்லை, அப்போது எந்த டெய்லருக்கும் ஊசி கோக்கவே நேரமிருக்காது.

ஃபேஸ்புக்கைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். இன்ஸ்டாகிராமில் போடுவதை அங்கேயும் போட ஒரே பொத்தான் இருக்கிறது, அதை அழுத்திவிடுங்கள். கல்யாண வேலையை எடுத்துச் செய்யும் அத்தைகளும் சித்தப்பாக்களும் அங்கேதான் இருக்கிறார்கள். ஊர்ப் பெயரில் இயங்கும் குழுக்களில் விளம்பரம் போடும் முன் அட்மினைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விளம்பரத்துக்குக் காசு கட்டலாமா?

கட்டலாம், ஆனால் முதல் மாதத்தில் வேண்டாம். காசு கட்டாமலே உங்கள் எந்தப் பதிவைப் பார்த்து மக்கள் மெசேஜ் போடுகிறார்கள் என்று தெரிந்த பிறகு, அந்தப் பதிவுக்குக் காசு கட்டுங்கள். யாரும் சீண்டாத பதிவைக் காசு காப்பாற்றாது.

பதிவுக்குக் கீழே இருக்கும் பூஸ்ட் பொத்தானை (அந்தப் பதிவை விளம்பரமாக்கும் பொத்தான்) அழுத்தினால் நோக்கம் என்ன என்று கேட்கும். ப்ரொஃபைலைப் பார்க்க வைப்பதைத் தேர்ந்தெடுக்காமல், மெசேஜ் வர வைப்பதைத் தேர்ந்தெடுங்கள், வாட்ஸ்அப்புக்கே வரும்படி வைக்கலாம். இடத்தைத் தமிழ்நாடு முழுவதும் என்று விட்டுவிடாமல் கடையைச் சுற்றி இத்தனை கிலோமீட்டர் என்று குறுக்குங்கள். கட்டும் தொகையோடு 18 சதவீத ஜிஎஸ்டியும் சேரும் என்பதைக் கணக்கில் வையுங்கள்.

அப்புறம் கணக்கு. வரியும் சேர்த்து ஆயிரம் ரூபாய் செலவழித்ததில் இருபது பேர் விசாரித்தார்கள், ஐந்து பேர் கடைக்கு வந்தார்கள், இரண்டு பேர் ஆர்டர் கொடுத்தார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆர்டருக்கு ஐந்நூறு ரூபாய் ஆகியிருக்கிறது. இரண்டும் சாதா ப்ளவுஸ் என்றால் நஷ்டம். கல்யாணப் பெண்ணுக்கு ஆரி வேலையும், கூடவே அம்மா, அத்தை, நாத்தனார் ப்ளவுஸ்களும் என்றால் நல்ல லாபம். ஆகவே தையல் கடையில் விளம்பரக் காசைக் கல்யாண ஆர்டருக்கு மட்டும் செலவழிப்பதுதான் புத்திசாலித்தனம்.

இந்தக் கணக்குப் போட ஒரு தகவல் வேண்டும்: வந்தவர் எப்படி வந்தார்? புதிதாக வரும் ஒவ்வொருவரிடமும் "எங்களைப் பத்தி எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டு, ஆர்டர் புக்கில் அளவுக்குப் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். மேப், இன்ஸ்டா, ரீட்டா அக்கா சொன்னாங்க, எதுவாக இருந்தாலும். மூன்று மாதம் கழித்து அந்தப் பக்கங்களைப் புரட்டினால் எதில் நேரம் போட வேண்டும் என்று தெரிந்துவிடும். எந்தச் செயலி காட்டும் வரைபடத்தையும்விட இந்தக் குறிப்பை நான் நம்புவேன்.

மற்ற தொழில்களுக்கு

வேறு தொழில் செய்பவர்களுக்கும் வரிசை இதுதான், அழுத்தம் மட்டும் மாறும். பிளம்பர், எலெக்ட்ரீஷியனுக்கு மேப்பும் ரிவ்யூவும்தான் எல்லாம். தண்ணீர் ஒழுகும்போது யாரும் ரீல் பார்ப்பதில்லை. மதியச் சாப்பாடு கொடுக்கும் மெஸ்ஸுக்கு, காலை பத்து மணிக்குப் போடும் இன்றைய மெனு ஸ்டேட்டஸ் நன்றாக வேலை செய்யும். வீட்டிலிருந்து கேக், பொடி, ஊறுகாய் விற்பவர்கள் விளம்பரத்தில் இறங்கும் முன் எஃப்எஸ்எஸ்ஏஐ என்ற உணவுப் பாதுகாப்பு ஆணையத்தில் பதிவு செய்து, அந்த 14 இலக்க எண்ணை பேஜிலும் பாக்கெட்டிலும் போடுங்கள். சட்டப்படி வேண்டியது, வாங்குபவருக்கும் தைரியம் தரும்.

ஏமாற்றுக்காரர்களும் வருவார்கள்

உங்கள் எண் பொதுவில் வந்துவிட்டால் நல்லவர்கள் மட்டும் கூப்பிடமாட்டார்கள். ராணுவத்தில் இருக்கிறேன் என்று சொல்லி, பேரம் பேசாமல் பெரிய ஆர்டர் கொடுத்து, "அட்வான்ஸ் அனுப்புறேன், இந்த க்யூஆரை ஸ்கேன் பண்ணி பின் போடுங்க" என்பார்கள். பணம் வாங்குவதற்கு யுபிஐ பின் போடவே தேவையில்லை. பின் கேட்டால் பணம் உங்கள் கணக்கிலிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். பணம் அனுப்பியதாகக் காட்டும் ஸ்க்ரீன்ஷாட்டையும் நம்பாதீர்கள், வங்கிக் கணக்கில் ஏறியதைப் பார்த்துவிட்டுத் துணியைக் கொடுங்கள். வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் இரட்டைச் சரிபார்ப்பை (கணக்கைத் திறக்கக் கூடுதலாக ஓர் எண் கேட்கும் பாதுகாப்பு) இன்றே போட்டுவிடுங்கள். ஓடிபியை யாருக்கும் சொல்லக் கூடாது, பேஜுக்கு ப்ளூ டிக் தருகிறோம் என்று வருபவர்களுக்கும்தான். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்றப் புகார் எண்ணில் புகார் கொடுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்குப் பணத்தை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம்.

கடைசியாக, யாரும் முன்கூட்டி யோசிக்காத ஒன்று: ஆர்டர் வரத் தொடங்கிவிட்டால்? இரண்டு மெஷின், ஒரு ஸ்டாண்டு வைத்திருக்கும் கடையால் ஒரு முகூர்த்தத்துக்கு இத்தனை ப்ளவுஸ்தான் முடியும். அந்த எண்ணை முதலிலேயே தீர்மானித்துவிடுங்கள். நிரம்பியதும், "ஆவணி 15 வரைக்கும் ஆர்டர் முடிஞ்சது, அதுக்கு மேல உள்ள தேதிகளுக்கு எடுக்குறோம்" என்று ஸ்டேட்டஸ் போடுங்கள், கூகுள் ப்ரொஃபைலிலும் ஒரு அப்டேட்டாகப் போடுங்கள், ஓடிக்கொண்டிருக்கும் விளம்பரத்தை நிறுத்துங்கள். அப்படியும் தெரிந்தவர் ஒருவர் வந்து எப்படியாவது முடித்துக் கொடு என்று நின்றால், உங்களுக்கு நம்பிக்கையான வேறொரு டெய்லரின் எண்ணைக் கொடுத்து அனுப்புங்கள்.